விண்டோஸ் 10-க்கு சங்கு ஊதியாச்சு... கடை வச்சிருக்கவங்க, ஐடி பசங்க எல்லாரும் கொஞ்சம் வாங்க

#1 வடுவூர்ப்பறவை (மன்னார்குடி பக்கம்)

எல்லாருக்கும் வணக்கம். இ-சேவை மையம் வச்சிருக்கேன், கூடவே ஜெராக்ஸ், ஆன்லைன் அப்ளிகேஷன், சம்பா வந்துட்டா பயிர் இன்சூரன்ஸ், அறுப்பு வந்துட்டா நெல்லு கொள்முதலுக்கு ஆன்லைன் பதிவுன்னு வண்டி ஓடுது. கடைல இருக்கற சிஸ்டம் பூரா பழசு, ஆறாம் தலமுறை ஏழாம் தலமுறை ஐ3 தான், ஆனா ஒரு கொறையும் இல்லாம ஓடிக்கிட்டிருக்கு. இப்ப என்னடான்னா 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு அப்டேட் கெடையாதுன்னுட்டாங்க. 11 போடலாம்னு பாத்தா டிபிஎம் 2.0-ன்னு ஒரு பாதுகாப்பு சிப்பு இருக்கணுமாம், இன்டெல்னா எட்டாம் தலமுறைலேந்து தான் சேத்துப்பாங்களாம். நல்லா ஓடற சிஸ்டத்த எடைக்குப் போட்டுட்டு புதுசு வாங்குங்கறாங்க, அவ்ளோதானே விஷயம்?

இதுக்கு நடுவுல வீட்டுக்காரரு பேப்பர படிச்சுட்டு, "கூகுள குரோம விக்கச் சொல்லி கேஸ் நடந்துச்சாமே, அமேசான் கிளவுட் படுத்துடுச்சாமே, இவனுங்க சண்ட போட்டுக்கிட்டா நமக்கு வெல கொறையுமா"ன்னு கேக்கறாரு. பெரிய கம்பெனிங்க அடிச்சுக்கிட்டா ஜனங்களுக்கு லாபம்னு தான் எல்லாரும் சொல்றாங்க. முப்பது வருஷமா அடிச்சுக்கறாங்க, கல்லாவுல உக்காந்திருக்கற எனக்கு அது எந்த எடத்துல லாபமா வந்துச்சுன்னு யாராச்சும் சொல்லுங்களேன். அப்டியே கடை சிஸ்டத்துக்கு ஒரு வழியும் சொல்லிட்டுப் போங்க.

#2 லினக்ஸ் மாப்ள (திருவாரூர்)

அக்கா, விண்டோஸுக்கு பதிலா லினக்ஸ் மின்ட்னு இலவச ஓஎஸ் போடுங்க. அதுல எக்ஸ்எஃப்சிஇன்னு லேசான வகைய எடுங்க, 4 ஜிபி ரேம் இருந்தாலே சிட்டா பறக்கும். குரோம் இருக்கு, ஃபயர்ஃபாக்ஸ் இருக்கு, லிப்ரே ஆபீஸ் இருக்கு. உங்க வேல முக்காவாசி பிரௌசர்ல தானே? அப்பறம் அடியில என்ன ஓஎஸ் ஓடுனா என்ன. முடிஞ்சுது கதை, இழைய மூடிடலாம் :-)

#3 வடுவூர்ப்பறவை

முக்காவாசி பிரௌசர் தான் தம்பி, மிச்ச கால்வாசி தான் சோறு போடுது. கைரேகை மெஷின் இருக்குல்ல, அது சிஸ்டத்துல ஒரு சர்வீஸா ஓடும், சைட்ல பட்டன அமுக்குனா பிரௌசர் இதே சிஸ்டத்துக்குள்ள 11100-லேந்து 11120 வரைக்கும் ஒவ்வொரு போர்ட்டா தட்டிப் பாத்து அந்த சர்வீஸ தேடும், கெடச்சா தான் ரேகைய வாங்கும். நான் வச்சிருக்கற மாடலுக்கு கம்பெனி சைட்ல போனா விண்டோஸுக்கு மட்டும் தான் டவுன்லோடு இருக்கு. நாத்து நட்டு களையெடுத்து தேஞ்சு போன கை, ரேகையே இருக்காது, ஈரத்துணில தொடச்சு கட்டவெரல் வேணாம் நடுவெரல் வைங்கம்மான்னு மாத்தி மாத்தி வச்சு ஒரு வழியா ஏத்துக்கற நேரத்துல டிரைவர் மக்கர் பண்ணுச்சுன்னா வரிசைல நிக்கறவங்க என்னத் தான் வைவாங்க, லினக்ஸ வைய மாட்டாங்க.

#4 பழைய நெட்சென்டர் (கும்பகோணம்)

//எந்த எடத்துல லாபமா வந்துச்சு//

நல்ல கேள்வி தங்கச்சி. நான் 2001-லேந்து மகாமகக்குளம் பக்கம் பிரௌசிங் சென்டர் வச்சிருந்தவன், ஒரு மணி நேரம் முப்பது ரூபாய்க்கு டயல்அப்புல யாஹூவும் ரெடிஃப்மெயிலும் தொறந்து குடுத்தவன், அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன், அவசரக்காரங்க அடுத்த பதிவுக்கு தாண்டிடுங்க.

நெட்ஸ்கேப்புன்னு ஒரு பிரௌசர் இருந்துச்சு, 1994-ல வந்தது. 95 ஆகஸ்ட்ல பங்குச்சந்தைக்கு வந்தப்ப உலகமே திரும்பிப் பாத்துச்சு. அந்த வருஷம் மே மாசமே பில் கேட்ஸ் தன்னோட ஆளுங்களுக்கு இன்டர்நெட் பேரலை வருதுன்னு ஒரு குறிப்பு எழுதிட்டாரு. அவரு பயந்தது என்னன்னா, எல்லா வேலையும் பிரௌசருக்குள்ளயே முடிஞ்சுட்டா அடியில விண்டோஸ் இருந்தா என்ன வேற எது இருந்தா என்னன்னு ஆயிடும். (மேல மாப்ள சொன்னாரு பாருங்க அதே தான், அத 95-லயே அவரு பாத்துட்டாரு.) உடனே ஸ்பைகிளாஸுங்கற கம்பெனிட்ட லைசென்ஸ் வாங்கி இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர ஆகஸ்ட்ல எறக்குனாங்க. நெட்ஸ்கேப்ப கம்பெனிங்க காசு குடுத்து வாங்கணும், இது சும்மா. அதுக்கப்பறம் விண்டோஸ் 98-ல ஓஎஸ்ஸோடயே ஒட்டி வச்சுட்டாங்க, பிரிக்கவே முடியாதுன்னு கோர்ட்ல சாதிச்சாங்க. நடுவுல 97-ல ஆப்பிள் தத்தளிச்சுக்கிட்டிருந்தப்ப 15 கோடி டாலர் முதலீடு போட்டு மேக்லயும் எக்ஸ்ப்ளோரரையே டீஃபால்ட்டா (தானா மொதல்ல தொறக்கறதா) வச்சுக்கிட்டாங்க. 98 மே மாசம் அமெரிக்க அரசு கேஸ் போட்டுச்சு, 2000 ஜூன்ல ஜட்ஜ் ஜாக்சன் கம்பெனிய ரெண்டா பிரின்னாரு, 2001 ஜூன்ல அப்பீல்ல அது ஒடஞ்சு போச்சு. ஆனா ஏகபோகத்த காப்பாத்திக்க சட்டத்த மீறுனாங்கங்கறத மட்டும் அப்பீல் கோர்ட்டும் ஒத்துக்குச்சு. ஒத்துக்கிட்டு என்ன, அதுக்குள்ள நெட்ஸ்கேப்ப ஏஓஎல்ங்கற இன்டர்நெட் கம்பெனி வாங்கி சோலி முடிஞ்சுது.

இப்ப லாபம் எங்கன்னு பாருங்க. போட்டி இருந்த வரைக்கும் அஞ்சாறு வருஷத்துல எக்ஸ்ப்ளோரர் ஒண்ணுலேந்து ஆறு வரைக்கும் வந்துச்சு. நெட்ஸ்கேப் செத்துச்சு, 2001-ல ஆறு வந்துச்சு, அதுக்கப்பறம் ஏழு வந்தது 2006-ல. அஞ்சு வருஷம் ஒருத்தன் ஒரு வேலையும் செய்யல. அந்த அஞ்சு வருஷமும் என் சென்டர்ல வைரஸ், மேல கீழ பாப்அப், டூல்பார் மேல டூல்பார், காலேல கடைய தொறந்தா சிஸ்டம் ஃபார்மட் பண்றதே பொழப்பு. 2004 நவம்பர்ல ஃபயர்ஃபாக்ஸ் 1.0 வந்துச்சு, அது நெட்ஸ்கேப்காரங்க 98-ல தொறந்து விட்ட சோர்ஸ் கோடுலேந்து மொளச்சது. எல்லா சிஸ்டத்துலயும் போட்டேன், டேப் தொறக்கறத பாக்கவே பசங்க வருவானுங்க. அப்பறம் தான் மைக்ரோசாப்ட் முழிச்சுக்கிட்டு ஏழ எறக்குச்சு. போட்டி இருந்தா லாபம் வருது, ஆனா அது போட்டி நடக்கற நாள்ல மட்டும் தான் வருது, ஒருத்தன் ஜெயிச்ச மறுநாளே நின்னுடுது.

#5 ஓய்வு குமாஸ்தா (தஞ்சாவூர்)

கும்பகோணம் நண்பர் சொன்னதுடன் ஒன்று சேர்க்கிறேன். அந்தக் காலத்தில் தமிழ் பத்திரிகைத் தளங்கள் ஒவ்வொன்றும் தனித்தனி எழுத்துரு வைத்திருந்தன. தளத்தைத் திறந்தால் எழுத்துரு தானாக இறங்கும் வசதி எக்ஸ்ப்ளோரருக்கு ஒரு விதம், நெட்ஸ்கேப்புக்கு வேறு விதம். பெரும்பாலோர் எக்ஸ்ப்ளோரருக்கு மட்டும் செய்து நிறுத்திக்கொண்டார்கள். அதனால் ஃபயர்ஃபாக்ஸில் திறந்தால் தமிழே வராது, கன்னாபின்னாவென்று குறிகள் தான் வரும்.

#6 பழைய நெட்சென்டர்

ஆமா சார்!! ஃபயர்ஃபாக்ஸ் போட்டுக் குடுத்தா "தினமும் பேப்பர் படிக்கற சைட் ஓடல, அந்த நீல 'இ' எங்க"ன்னு பெரியவங்க சண்டைக்கே வருவாங்க. பிரௌசர் எவ்ளோ நல்லாருந்தும் பிரயோஜனம் இல்ல, சைட்டு அதுக்கு எழுதல. யூனிகோட் பரவுன பிறகு தான் அந்தத் தொல்ல விட்டுச்சு.

#7 கடைமடைக்காரன் (தலைஞாயிறு)

இவ்ளோ நீளமா எதுக்கு. மேட்டூர்ல தண்ணி எவ்ளோ தொறந்தாங்கங்கறது கணக்கு இல்ல, கல்லணைலேந்து இந்தப் பக்கம் வழிநெடுக ஷட்டர் சாவி யாருகிட்ட இருக்குங்கறது தான் கணக்கு. முன்னாடி இருக்கறவன் எடுத்தது போக மிச்சம் தான் எங்களுக்கு. இவனுங்களும் அதே தான், எது மொதல்ல வருமோ அந்த எடத்த புடிச்சுக்கறானுங்க.

#8 லினக்ஸ் மாப்ள

டெல்டாக்காரங்க இழைல கல்லணை வராம இருந்தா தான் ஆச்சர்யம் :-))

#9 பாபநாசம் டூ பெங்களூரு

கடைமடை அண்ணன் சொன்னதுக்கு கோர்ட்லயே ஆதாரம் இருக்கு. அமெரிக்கால கூகுள் மேல நடந்த தேடல் கேஸ்ல வெளிய வந்த கணக்கு: 2021-ல மட்டும் "எங்கள டீஃபால்ட்டா வைங்க"ங்கறதுக்காக கூகுள் குடுத்தது 2,630 கோடி டாலர். 2022-ல ஆப்பிளுக்கு மட்டும் 2,000 கோடி டாலர். தேடல் நல்லாருக்குங்கறது வேற, எவ்ளோ நல்லாருந்தாலும் மொத எடத்துல இருக்கறதுக்கு அவ்ளோ காசு குடுக்கறான்னா அந்த எடத்தோட மதிப்ப பாத்துக்கோங்க. 2024 ஆகஸ்ட்ல ஜட்ஜ் அமித் மேத்தா, கூகுள் சட்டத்த மீறி ஏகபோகத்த வச்சிருக்குன்னு தீர்ப்பு சொன்னாரு. அரசு தரப்பு குரோமையே விக்கச் சொல்லுங்கன்னு கேட்டுச்சு, பெர்ப்ளெக்சிட்டிங்கற சின்ன ஏஐ கம்பெனி 3,450 கோடி டாலருக்கு நான் வாங்கிக்கறேன்னு கைய தூக்குச்சு, கடைசில 2025 செப்டம்பர்ல விக்க வேணாம், தனியா எனக்கு மட்டும்னு ஒப்பந்தம் போடாத, கொஞ்சம் டேட்டாவ போட்டியாளருக்கு குடுன்னு முடிச்சுட்டாரு. காசு குடுக்கறதுக்கு தடை இல்ல.

இதுல தமாஷ் என்னன்னா ஃபயர்ஃபாக்ஸ் வருமானத்துல பெரும்பங்கு கூகுள் குடுக்கற அதே டீஃபால்ட் காசு தான். காசு குடுக்கறத அடியோட நிறுத்துனா மொதல்ல மூச்சு முட்டறது ஃபயர்ஃபாக்ஸ். எதிராளியோட சாப்பாட்டு செலவையும் ஜெயிச்சவனே குடுக்கறான், இதுக்குப் பேரு போட்டின்னா என்ன சொல்றது.

#10 கடைமடைக்காரன்

நம்ம ஊர்லயும் கூகுளுக்கு அபராதம் போட்டாங்களே. 1,337 கோடி ரூபா. என் போன்ல ஒண்ணும் மாறலயே.

#11 பாபநாசம் டூ பெங்களூரு

2022 அக்டோபர்ல போட்டி ஆணையம் ஆண்ட்ராய்டு விஷயத்துல போட்டது 1,337.76 கோடி, அதே மாசம் பிளே ஸ்டோர் பில்லிங்குக்கு 936.44 கோடி தனி. 2023 மார்ச்ல அப்பீல்லயும் அந்த 1,337 நின்னுச்சு. மாறலன்னு சொல்ல முடியாதுண்ணே, போன் கம்பெனிங்க கூகுள் ஆப்ஸ மொத்த மூட்டையா வாங்கணும்னு இருந்தது போய் தனித்தனியா வாங்கலாம்னு ஆச்சு, புது போன் செட்டப் பண்றப்ப தேடலுக்கு எது வேணும்னு கேக்கறதும் வந்துச்சு.

#12 கடைமடைக்காரன்

கேட்டாலும் எல்லாரும் கூகுளத்தான் அமுக்குவோம். வேற பேரு எவனுக்குத் தெரியும்.

#13 சோழமண்டலத் தம்பி (தஞ்சை, மூணாம் வருஷம் சிஎஸ்இ)

ஏன் தெரியாது? உலான்னு நம்ம பிரௌசரே இருக்கு! ஸோகோ கம்பெனி 2023-ல விட்டது, மத்திய அரசு வச்ச இந்திய பிரௌசர் போட்டில 2025-ல மொத பரிசு ஒரு கோடி ரூபா வாங்குனது. அந்தக் கம்பெனிய ஆரம்பிச்ச ஸ்ரீதர் வேம்பு நம்ம தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர் தான். மத்திய அரசு மின்னஞ்சல் 12 லட்சம் கணக்க ஸோகோ தளத்துக்கு மாத்திட்டாங்க. அமேசான் கிளவுட வாடகைக்கு எடுக்காம சொந்த டேட்டா சென்டர்ல ஓட்டறாங்க. வெளிநாட்டுக்காரன் சண்டைய நாம ஏன் வேடிக்க பாக்கணும்? நம்ம ஊர்லயே 2024-லேந்து பிள்ளையார்பட்டில டைடல் நியோ ஐடி பார்க் இருக்கு, இங்கேந்தே செய்யலாம்.

#14 பாபநாசம் டூ பெங்களூரு

தம்பி, ஸோகோ மேல எனக்கும் மரியாத உண்டு. ஆபீஸ் சாப்ட்வேர், மெயில், சொந்த டேட்டா சென்டர், அதெல்லாம் உண்மையான வேல. ஆனா உலா, கூகுள் குரோமுக்கு அடியில இருக்கற ஓப்பன் சோர்ஸ் குரோமியம் மேல கட்டுனது. மைக்ரோசாப்ட்டோட எட்ஜும் அப்டி தான், 2020 ஜனவரிலேந்து. ஓபரா 2013-லயே போயிடுச்சு. பிரேவ் அதே. இப்ப ஏஐ பிரௌசர்னு புதுசா ஒரு சண்ட ஆரம்பிச்சிருக்கே, பெர்ப்ளெக்சிட்டியோட காமெட், 2025 அக்டோபர்ல ஓப்பன்ஏஐ விட்ட அட்லஸ், ரெண்டுக்கும் அடியில குரோமியம் தான். வெளிய பத்து போர்டு தொங்குது, உள்ள சமையல்கட்டு ஒண்ணு.

கோடு தொறந்து தானே கெடக்குன்னு கேப்ப. தொறந்து தான் கெடக்கு, ஆனா எந்தப் பக்கம் திருப்பணும்னு முடிவு பண்றது யாரு? விளம்பரத்த தடுக்கற எக்ஸ்டென்ஷன் யூபிளாக் ஆரிஜின் என்னாச்சுன்னு பாரு. எக்ஸ்டென்ஷனுக்கான விதிமுறைய கூகுள் மாத்துச்சு, மேனிஃபெஸ்ட் வி3, 2025-ல குரோம்ல பழைய யூபிளாக் நின்னு போச்சு, லைட்டுன்னு ஒரு கொறஞ்ச சரக்கு தான் இருக்கு. குரோமியத்த வச்சு பிரௌசர் செய்யறவன் இனிமே அத தனியா தாங்கிப் புடிக்கணும்னா அவன் கைக்காசு. ஃபயர்ஃபாக்ஸ்ல பழையபடி ஓடுது, காரணம் அவன்கிட்ட சொந்த இன்ஜின் (பக்கத்த திரைல வரையற அடிப்படை கோடு) இருக்கு. விளம்பரத்துல சம்பாதிக்கறவன் கைல பிரௌசர் இன்ஜின் இருந்தா என்ன ஆவும்னு இதுக்கு மேல உதாரணம் வேணுமா.

#15 சோழமண்டலத் தம்பி

அப்ப கூகுளும் ஒண்ணும் ஒண்ணாம் நாள்லேந்து செய்யலியே அண்ணா. கேடிஈங்கற ஓப்பன் சோர்ஸ் குழு எழுதுன கேஎச்டிஎம்எல் இன்ஜின எடுத்து ஆப்பிள் வெப்கிட் ஆக்குச்சு, வெப்கிட்ட எடுத்து தான் 2008-ல குரோம் வந்துச்சு, 2013-ல பிளிங்க்னு தனியா பிரிச்சுக்கிட்டாங்க. அடுத்தவன் இன்ஜின்ல ஆரம்பிச்சு அஞ்சு வருஷம் கழிச்சு கூகுள் பிரிஞ்சு போனா அது சாமர்த்தியம், அதையே தமிழ்நாட்டுக்காரன் செஞ்சா மட்டும் போர்டு மாத்தறதா?

#16 பழைய நெட்சென்டர்

தம்பி பிச்சுட்டான் :-) நியாயமான கேள்வி.

#17 பாபநாசம் டூ பெங்களூரு

பிரிஞ்சு போறதுக்கு கூகுள்ட்ட தேடல் காசு மலையா இருந்துச்சு தம்பி. இன்ஜின் வச்சுக்கறது வருஷா வருஷம் ஆயிரக்கணக்கான ஆளுக்கு சம்பளம். அத எப்டியும் பிரௌசர்லேந்து எடுக்க முடியாது, வேற எங்கயோ சம்பாதிக்கறவன் தான் பிரௌசர வளக்க முடியும். மைக்ரோசாப்டே தூக்கிப் போட்டுட்டு குரோமியத்துக்கு வந்துட்டான்னா புரிஞ்சுக்கோ.

சரி, கிளவுடுக்கு வரேன், அது என் சோத்துப்பாடு. 2006 மார்ச்ல அமேசான் எஸ்3-ன்னு ஃபைல் வைக்கற எடத்த வாடகைக்கு விட்டுச்சு, ஆகஸ்ட்ல இசி2-ன்னு கம்ப்யூட்டரையே மணி நேர வாடகைக்கு விட்டுச்சு. புஸ்தகம் வித்த கடை இதுல என்ன செய்யப் போவுதுன்னு மத்தவங்க கொஞ்ச வருஷம் கண்டுக்கல. மைக்ரோசாப்ட் அஷூர் விலைக்கு வந்தது 2010-ல. இப்ப அமேசான், மைக்ரோசாப்ட், கூகுள் மூணு பேரும் சேந்து உலக கிளவுட் வருமானத்துல 60 சதவீதத்துக்கு மேல வச்சிருக்காங்க. நம்ம பக்கமும் எறங்கிட்டாங்க: மைக்ரோசாப்ட் 2015-ல சென்னை, புனே, மும்பை, அமேசான் 2016-ல மும்பை, 2022-ல ஹைதராபாத்.

இதுல கவனிக்க வேண்டியது, ஓஎஸ் சண்ட முடியல, எடம் மாறிப் போச்சு. 2001-ல ஸ்டீவ் பால்மர் லினக்ஸ புத்துநோயின்னாரு. இன்னிக்கு அஷூர்லயே பாதிக்கு மேல லினக்ஸ் தான் ஓடுது. ஆனா விண்டோஸ விட்டாங்களான்னா விடல. விண்டோஸ் சர்வர், எஸ்க்யூஎல் சர்வர் லைசென்ஸ் ஏற்கனவே வச்சிருக்கற கம்பெனி அத அஷூர்ல ஓட்டுனா சலுக, அதையே அமேசான்லயோ கூகுள்லயோ ஓட்டுனா கூட செலவு. 2019-ல விதிய மாத்துனாங்க. இங்கிலாந்து போட்டி ஆணையம் 2025 ஜூலைல இத தோண்டிட்டு, அமேசான் மைக்ரோசாப்ட் ரெண்டையும் தனியா விசாரிக்கணும்னு எழுதி வச்சிருக்கு. 98-ல விண்டோஸ வச்சு பிரௌசர புடிச்சாங்க, இப்ப அதே விண்டோஸ வச்சு கிளவுட புடிக்கறாங்க. கூகுள் பிரௌசர வச்சு தேடல காப்பாத்துது. ஒரு எடத்துல ஜெயிச்சத அடுத்த எடத்துக்கு முன்பணமா கட்டறாங்க. சண்டையே அடுத்த எடத்துக்குத் தான், நாம மட்டும் பழைய எடத்துல நின்னு யாரு ஜெயிச்சான்னு பாத்துக்கிட்டிருக்கோம்.

வெளிய போறதுக்கு வேற கட்டணம். டேட்டாவ உள்ள ஏத்தறது சும்மா, வெளிய எடுக்க ஜிபிக்கு இவ்ளோன்னு காசு. ஐரோப்பால சட்டம் வருதுன்னதும் 2024-ல மூணு பேரும் "மொத்தமா காலி பண்ணிட்டுப் போறவங்களுக்கு மட்டும் கட்டணம் இல்ல"ன்னாங்க. யாரு மொத்தமா காலி பண்ணப் போறா? அமேசான்ல மட்டும் கெடைக்கற டேட்டாபேஸுக்கு கோடு எழுதிட்டு அத வேற எடத்துல ஓட்டவே ஒரு வருஷம் ஆவும்.

#18 வடுவூர்ப்பறவை

அப்ப தீபாவளி அன்னிக்கு மத்தியானம் பாதி ஆப் நின்னுச்சே, பொண்ணு ஸ்னாப்சாட் ஓடலன்னு மூஞ்ச தூக்கி வச்சுக்கிட்டிருந்தா, அதுவும் இதானா?

#19 பாபநாசம் டூ பெங்களூரு

அதே தான் அக்கா. 2025 அக்டோபர் 20. அமெரிக்கால வர்ஜீனியா பக்கம் இருக்கற அமேசானோட பழைய பெரிய டேட்டா சென்டர் கூட்டம், டைனமோடிபின்னு ஒரு டேட்டாபேஸ், அதோட டிஎன்எஸ் பதிவு, அதாவது பேர வச்சு சர்வர தேடற விலாசம், தானா காலியாயிடுச்சு. ரெண்டு தானியங்கி புரோகிராம் ஒண்ணுக்கொண்ணு முட்டிக்கிட்டு பெயர்ப்பலகைய அழிச்சுட்டுதுன்னு அவங்களே அறிக்க விட்டாங்க. எனக்கு அதிரசம் தட்டுலயே இருந்துச்சு, ஆபீஸ்லேந்து போன அடிச்சுக்கிட்டே இருந்தானுங்க. ஒம்போது நாள் கழிச்சு 29-ந்தேதி அஷூரும் படுத்துச்சு. அதனால ஒருத்தன் நல்லவன் ஒருத்தன் கெட்டவன்னு இல்ல, மூணு கடைல ஊரையே அடைச்சு வச்சா இப்டித் தான்.

#20 லினக்ஸ் மாப்ள

படுக்கறத கூட விடுங்க. வேணும்னே நிறுத்துனா? 2025 ஜூலைல நயாரா எனர்ஜிக்கு என்னாச்சு? ரஷ்ய கம்பெனிக்கு பங்கு இருக்குன்னு ஐரோப்பா தடை போட்டுச்சு, குஜராத்துல ரிஃபைனரி வச்சிருக்கற இந்தியக் கம்பெனியோட மெயில், டீம்ஸ் எல்லாத்தையும் மைக்ரோசாப்ட் நிறுத்திடுச்சு. டெல்லி ஹைகோர்ட்டுக்கு போன பிறகு தான் திரும்ப வந்துச்சு. காசு கட்டி வாங்குன சர்வீஸ், நம்ம நாட்டு சட்டத்த ஒண்ணும் மீறல, சுவிட்ச் மட்டும் அடுத்தவன் கைல. இதுக்குத் தான் சொல்றேன், நம்ம ஃபைல் நம்ம சிஸ்டத்துல இருக்கணும், ஓஎஸ் நம்ம கைல இருக்கணும்.

#21 ஓய்வு குமாஸ்தா

நம் சிஸ்டத்தில் இருந்தாலும் நம் கையில் இருக்கிறது என்று சொல்ல முடியாது தம்பி. நான் பணியில் இருந்த காலத்து அலுவலக ஆவணங்கள், சங்கத்து அறிக்கைகள், கோயில் திருவிழா அழைப்பிதழ்கள் எல்லாம் வானவில் எழுத்துருவில் அடித்தது, சிடியில் வைத்திருக்கிறேன். 2010-ல் தமிழக அரசே யூனிகோடு தான் இனி என்று ஆணை போட்டுவிட்டது. ஆனால் பழைய கோப்பைத் திறந்தால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஒரு வரி படிக்க முடியாது. கோப்பு என் அலமாரியில் இருக்கிறது, யாரும் சுவிட்சை அணைக்கவில்லை, இருந்தும் பயனில்லை. எந்த நிறுவனம் ஜெயித்தது என்பதை விட எந்த வடிவத்தில் எழுதி வைத்தோம் என்பது தான் கடைசியில் நிற்கிறது.

#22 லினக்ஸ் மாப்ள

சார், என்எச்எம் கன்வெர்ட்டர்ல வானவில்லேந்து யூனிகோடுக்கு மாத்தலாம். சிடிய மொதல்ல ஹார்ட் டிஸ்க்குக்கு காப்பி எடுங்க, பழைய சிடி ரொம்ப நாள் தாங்காது. முடியலன்னா நான் தஞ்சாவூர் வரப்ப பாத்துத் தரேன்.

#23 பழைய நெட்சென்டர்

//ஓஎஸ் நம்ம கைல இருக்கணும்//

மாப்ள, இதையும் நாம பாத்தாச்சு. மத்திய அரசோட சென்னை சிடாக்ல பாஸ் லினக்ஸ்னு ஒரு ஓஎஸ் செஞ்சாங்க, 2007-ல. 2011-ல அரசு இலவச லேப்டாப் குடுத்தப்ப விண்டோஸோட அதையும் சேத்து தான் குடுத்தாங்க. ஆன் பண்ணா எது வேணும்னு கேக்கும். என்கிட்ட அத தூக்கிட்டு வந்த பசங்கள்ல முக்காவாசி பேரு கேட்ட மொத வேல, "அண்ணே அந்த இன்னொன்ன அழிச்சுட்டு எடத்த சேத்து விடுங்க, படம் வைக்கணும்." லினக்ஸ் கெட்டதுன்னு இல்ல, ஸ்கூல்ல வாத்தியாரு சொல்லிக் குடுத்தது விண்டோஸ், பரிட்சைல வரது எக்செல். கேரளால ஸ்கூல் பாடத்தையே லினக்ஸ்ல வச்சாங்க, அங்க நின்னுச்சு. சிடிய கைல குடுத்தா போதாது, அத வச்சு பொழப்பு நடக்கற மாதிரி பாதை வேணும்.

கொரியாக்காரன் கதை இதுக்கு நேர் எதிரு. தொண்ணூறுகள் கடைசில பேங்க் பாதுகாப்புக்குன்னு சொந்தமா குறியாக்க முறை செஞ்சாங்க, அத ஆக்டிவ்எக்ஸ்ங்கற பிரௌசர் துணை புரோகிராம்ல போட்டாங்க, ஆக்டிவ்எக்ஸ் எக்ஸ்ப்ளோரர்ல மட்டும் தான் ஓடும். உலகம் பூரா குரோமுக்கு போன பிறகும் அந்த நாட்டுல பேங்க் வேலைக்கும் சாமான் வாங்கவும் எக்ஸ்ப்ளோரரத் தான் தொறக்கணும். 2020 டிசம்பர்ல தான் அதோட ஓடுன பழைய டிஜிட்டல் சான்றிதழுக்கு இருந்த தனி மவுச சட்டத்துலேந்து எடுத்தாங்க. சுதேசியா தான் ஆரம்பிச்சாங்க, போய் மாட்டுனது அமெரிக்கக் கம்பெனிட்ட.

#24 வடுவூர்ப்பறவை

கொரியா வரைக்கும் எதுக்குண்ணே. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் போடற ஒரு சைட்டு, பேரு வேணாம், எட்ஜ்ல எக்ஸ்ப்ளோரர் மோடு போட்டா தான் இன்னிக்கும் எனக்கு ஓடுது. எக்ஸ்ப்ளோரர 2022-லயே அடக்கம் பண்ணிட்டாங்க, நான் மட்டும் தெனம் எழுப்பிக்கிட்டிருக்கேன்.

இந்த இழையெல்லாம் படிச்சப்பறம் எனக்கு ஒண்ணு தெளிவாச்சு. என்னை கட்டிப் போட்டிருக்கறது விண்டோஸும் இல்ல குரோமும் இல்ல, அந்தக் கைரேகை மெஷின் டிரைவரும் டோக்கன் சாப்ட்வேரும். அத செய்யறது சின்னச் சின்னக் கம்பெனிங்க, எவன் ஜெயிச்சானோ அவனுக்கு மட்டும் எழுதிட்டு நிறுத்திக்கறாங்க. கோர்ட்டு குரோம பிரிச்சாலும் பிரிக்காட்டியும் அவங்க ரெண்டாவதா ஒண்ணுக்கு எழுதப் போறதில்ல. டெண்டர் போடறவங்க "எல்லா ஓஎஸ்லயும் ஓடணும்"னு ஒரு வரி சேத்தா அன்னிக்கே எழுதுவாங்க. அந்த ஒரு வரிய சேக்கச் சொல்லி யாரு கேக்கறது?

#25 கடைமடைக்காரன்

நீங்க தான் கேக்கணும். மையம் நடத்தறவங்க சேந்து மனு குடுங்க.

#26 பாபநாசம் டூ பெங்களூரு

அக்கா, அவசரத்துக்கு ஒண்ணு: விண்டோஸ் 10-க்கு 2026 அக்டோபர் 13 வரைக்கும் செக்யூரிட்டி அப்டேட் மட்டும் நீட்டிச்சுத் தராங்க. 30 டாலர் கட்டணும், இல்ல மைக்ரோசாப்ட் அக்கவுன்ட்ல உள்ள வந்து செட்டிங்ஸ கிளவுடுக்கு பேக்கப் விட்டா சும்மா. ஏன் சும்மா தரான்னு புரியுதுல்ல, அக்கவுன்ட்டும் ஒன்டிரைவும் உங்கள புடிச்சுக்கும், 5 ஜிபி ரொம்புனதும் பில்லு வரும். அதுவும் வீட்டு உபயோக சிஸ்டத்துக்குன்னு விட்டது, கடைக்கு செல்லுமான்னு விதிய படிச்சுட்டு போங்க. எப்டியிருந்தாலும் ஜனங்களோட ஆதார் ஸ்கேன் டெஸ்க்டாப்புல கெடக்கறப்ப ஒன்டிரைவ ஆன் பண்ணி வைக்காதீங்க, டெஸ்க்டாப்ப அப்டியே மேல ஏத்திடும்.

#27 லினக்ஸ் மாப்ள

சரி அக்கா, அப்ப இப்டி வைங்க. ஒரே ஒரு சிஸ்டம் விண்டோஸ், அதுல கைரேகை, டோக்கன், ரெண்டு மட்டும், வேற ஒரு வேலையும் அதுல பாக்காதீங்க, முடிஞ்சா எட்டாம் தலமுறைக்கு மேல பழைய லேப்டாப் ஒண்ணு செகண்ட்ஸ்ல புடிங்க. மிச்சம் எல்லாத்துலயும் மின்ட். அப்ளிகேஷன், பிரிண்ட், ஸ்கேன், டைப்பிங் எல்லாம் அதுல ஓடும், தமிழ்99 போட்டுத் தரேன். கடை சிஸ்டத்துல குரோம்ல உங்க ஜிமெயில சைன்இன் பண்ணி பாஸ்வேர்ட் சேவ் பண்ணியிருந்தா மொதல்ல அத எடுங்க, ஃபயர்ஃபாக்ஸ்ல ஜன்னல மூடுனா எல்லாம் அழியற மாதிரி வச்சுடலாம். யூபிளாக்கும் போட்டுடறேன், அந்த போலி "அப்ளை நவ்" விளம்பரத்துல ஜனங்க காசு விடறது பாதி நிக்கும்.

#28 வடுவூர்ப்பறவை

இது நடக்கற காரியமா இருக்கு. ஆனா இப்ப கை வைக்க மாட்டேன் தம்பி. சம்பா இன்சூரன்ஸ் கூட்டம் கடைய சுத்தி நிக்குது, அடங்கல் கைல வச்சுக்கிட்டு விடிகாலைலேந்து உக்காந்திருக்காங்க, இந்த நேரத்துல சிஸ்டத்த பிரிச்சுப் போட்டா என்னை உண்டு இல்லன்னு ஆக்கிடுவாங்க. கடைசி தேதி முடிஞ்சு ஒரு ஞாயித்துக்கிழம வா.

#29 லினக்ஸ் மாப்ள

வரேன்கா. 8 ஜிபி பென்டிரைவ் ஒண்ணு எடுத்து வைங்க. அந்தப் பெரிய பிரிண்டர் மாடல் நம்பர மட்டும் இன்னிக்கே போடுங்க, சில லேசர் பிரிண்டருக்கு லினக்ஸ்ல டிரைவர் தேடி அலையணும்.